கூலி வாங்காத கைதட்டல்

சிறு நாடகக் குழு ஒன்று நாடகம் போட்டு முடித்த பிறகு இரண்டு விதமான செய்திகள் வந்து சேரும். 'பார்வையாளர்கள் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்' என்பது ஒன்று. 'பாதியில் பலர் எழுந்து போய்விட்டார்கள்' என்பது மற்றது. ஸபா நாடகக்காரருக்கு முதலாவது மட்டுமே நல்ல செய்தி. நம்மவர்களுக்கு இரண்டுமே நல்ல செய்திதான். உட்கார்ந்திருந்தால் நாடகம் ஜெயித்தது. எழுந்து போனால் நாடகம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. எப்படியும் தோற்க முடியாத ஓர் ஆட்டத்தை நாம் ஆடிக்கொண்டிருக்கிறோம். இந்த ஆட்டத்தில் விமர்சனத்துக்கு வேலை கிடையாது என்பதை யாரும் ஒரு குறையாகக் கருதுவதாகவும் தெரியவில்லை.

பார்வையாளனின் எதிர்வினை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று யோசிக்க நம் ஊர்ச் சண்டைகளை விட்டுச் சற்றுத் தள்ளிப் போவது நல்லது. பாரிஸில் காஸ் கம்பெனி குமாஸ்தாவாக இருந்த ஆந்திரே அந்த்வானிடம் போகலாம். அமெச்சூர் நாடகம் என்று பேச வருகிறவர்கள் இவரைக் கடந்துதான் வரவேண்டும்.

பாடப் புத்தகங்கள் அந்த்வானைப் பற்றிச் சொல்லும் விஷயங்கள் தெரிந்தவைதான். இயல்புவாதம், நான்காவது சுவர், பார்வையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிய நடிகன். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒரு தகவல். இளமையில் அவர் கொமெடி ஃப்ரான்ஸேஸ் அரங்கில் 'கிளாக்' கூட்டத்தில் இருந்தவர். கிளாக் என்பது கூலிக்கோ ஓசி டிக்கெட்டுக்கோ கைதட்டுகிற கூட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரிஸில் இது ஒழுங்காக நடந்த ஒரு தொழில். இதற்கு ஒரு தலைவன் உண்டு. எந்த வசனத்துக்கு எவ்வளவு தட்டுவது என்று அவன் முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்வான். சிரிப்பதற்கென்று சிலர். கைக்குட்டையும் கையுமாக அழுவதற்கென்று பெண்கள். 'மறுபடியும், மறுபடியும்' என்று கத்துவதற்குச் சிலர். பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி 'இந்தக் கட்டத்தைக் கவனித்தீர்களா' என்று மெல்லச் சொல்வதற்கும் ஆட்கள் இருந்தார்கள். இந்தக் கடைசி வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நவீன விமர்சனத்தின் பெரும்பகுதி இவர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

கிளாக் ஒரு மோசடி என்று தள்ளிவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு சரியான கணிப்பு இருந்தது. அரங்கத்தில் யாரும் தனியாக எதிர்வினை செய்வதில்லை. சிரிப்பும் இருமலும் பக்கத்து நாற்காலியிலிருந்து வருகின்றன. முன்வரிசையில் ஒருவன் கடிகாரத்தைப் பார்த்தால் பின்வரிசையில் நாலு பேருக்கு அலுப்புத் தட்டும். இது கிளாக் தலைவனுக்குத் தெரியும், நாடகாசிரியர்கள் பலருக்குத் தெரியாது. அந்த்வானுக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

1887 மார்ச் 30 அன்று மோன்மார்த்தரில் 343 இருக்கைகள் கொண்ட ஒரு சின்னக் கூடத்தில் அவருடைய முதல் நிகழ்ச்சி நடந்தது. அப்போது அவருக்கு வயது 29. அவர் சேர்ந்திருந்த அமெச்சூர் குழு, இந்த விபரீதத்துக்கெல்லாம் எங்கள் பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டதால் 'தியாத்ர் லீப்ர்', சுதந்திர அரங்கு என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார். தாயார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையையும் நாற்காலிகளையும் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் போட்டார். அன்று நாலு குறுநாடகங்கள். அவற்றில் எடுபட்டது ஒன்றுதான்: ஸோலாவின் கதையிலிருந்து லியோன் ஹென்னிக் எழுதிய 'ழாக் தமூர்'. பாரிஸ் கம்யூனில் கலந்துகொண்டு நாடுகடத்தப்பட்டவன், செத்துப்போனவன் என்று எல்லோரும் நம்பியிருக்கத் திரும்பி வருகிறான். அவன் மனைவி ஒரு கசாப்புக் கடைக்காரனுக்கு மனைவியாகி இருக்கிறாள். ஸோலா நேரில் வந்து பார்த்தார். கூட்டம் உருகிப்போனது.

சில மாதங்களில் வேலையை விட்டார். (மாதம் 150 பிராங்க் சம்பளம். இதன் பாரம் குமாஸ்தாக்களுக்குத்தான் தெரியும்.) தபால் செலவை மிச்சப்படுத்த, 1000க்கும் மேற்பட்ட கடிதங்களைத் தன் காலால் நடந்தே வீடு வீடாகக் கொடுத்துச் சந்தாதாரர்களைச் சேர்த்தார். சந்தா முறையில் ஒரு பெரிய லாபம், தணிக்கை கிடையாது. உறுப்பினர்களுக்கு மட்டும் நடக்கும் நிகழ்ச்சியில் போலீஸுக்கு வேலையில்லை. பிற அரங்குகள் தொடமுடியாதவற்றை அவர் தொட முடிந்தது இதனால்தான். டால்ஸ்டாயின் 'இருளின் வலிமை' பிரெஞ்சு மேடையில் எடுபடாது என்று துமா, ஸார்து, ஓஷியே என்ற மூன்று வெற்றிகரமான நாடகாசிரியர்கள் முன்கூட்டியே கருத்துச் சொன்னார்கள். 1888 பிப்ரவரியில் அந்த்வான் அதைப் போட்டார். எடுபட்டது.

ஆனால் சந்தா முறை இன்னொன்றையும் செய்தது. தெருவில் போகிறவன் உள்ளே வரும் வழியை அது அடைத்தது. வந்தவர்கள் எல்லோரும் தயாராக வந்தவர்கள். எதற்குத் தயாராக? 1888 அக்டோபரில் 'கசாப்புக்காரர்கள்' என்ற நாடகத்தில் மேடையில் நிஜமான மாட்டிறைச்சித் துண்டங்களைத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த இறைச்சியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நாடகத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. எதிர்வினை பலமாக இருந்தது, ஆனால் கொக்கியில் தொங்கியதோடு அது நின்றுவிட்டது. நம் மேடையில் ஒரு நடிகன் சட்டையைக் கழற்றினாலோ, பார்வையாளர் ஒருவர் மீது தண்ணீர் தெளித்தாலோ, மறுநாள் அதைப் பற்றி மட்டும் நடக்கும் பேச்சு இந்த இறைச்சிப் பேச்சின் வம்சம்தான்.

இதைவிட மோசமானது அடுத்து வந்தது. 1887 டிசம்பரில் ழான் ஜூலியனின் 'ஸெரனாட்' மேடையேறியது. கௌரவமான ஒரு வியாபாரிக் குடும்பத்தின் அழுகலை, எந்தக் கண்டனமும் இல்லாமல், சாப்பாட்டு மேஜைப் பேச்சின் சாவதானத்தோடு காட்டிய நாடகம். சந்தாதாரர்களுக்கு இந்தக் கசப்பு பிடித்துப்போயிற்று. அடுத்தடுத்து அதே மாதிரி நாடகங்கள் வந்தன. 'ரோஸ்' என்று அந்த வகைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். குரூரமும் கேலியும் கலந்தது என்று பொருள் கொள்ளலாம். மனைவி துரோகம் செய்வாள், கணவன் அதைக் கணக்குப் பார்த்து ஏற்றுக்கொள்வான், மகள் தாயைவிடக் கெட்டிக்காரி. திரை விழும்போது யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. கூட்டம் ரஸித்தது. தன்னைத்தான் ஏசுகிறார்கள் என்று தெரிந்தே ரஸித்தது. ஒரு கட்டத்தில் இந்த ஏச்சு இல்லாவிட்டால் ஏமாற்றமடைந்தது. முதல் இரவில் அதிர்ச்சியாக இருந்தது மூன்றாவது வருஷத்தில் வாடிக்கையாகிவிட்டது. எதிரிகள் யாரும் அந்த்வானின் அரங்கத்தை இவ்வளவு கெடுக்கவில்லை. பழமைவாதப் பத்திரிகை விமர்சகர்கள் திட்டினார்கள், அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். கெடுத்தது விசுவாசமான சந்தாதாரர்கள். 1894ல் பெருங்கடனோடு அவர் விலகிப்போனதற்குப் பணம் ஒரு காரணம். அந்த அரங்கம் இனிமேல் எதைக் காட்டும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துபோனதும் இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

இடையில் ஓர் இரவு மட்டும் தனியாக நிற்கிறது. 1890 மே 30, இப்ஸனின் 'பேய்கள்'. ஆஸ்வால்டாக அந்த்வானே நடித்தார். அன்றைய பார்வையாளர்களைப் பற்றி அவர் எழுதிவைத்திருப்பது நம் குழுக்களின் ஆண்டறிக்கைகளில் காணக் கிடைக்காத ஒரு குறிப்பு. சிலரை ஆழமாகத் தொட்டது. மற்றவர்களுக்கு முதலில் ஆச்சரியம், பிறகு அலுப்பு, கடைசிக் காட்சிகளில் உண்மையான வேதனை என்று எழுதுகிறார். அலுப்பை அவர் மறைக்கவில்லை. அலுத்தவர்கள் முட்டாள்கள் என்றும் சொல்லவில்லை. அதே மனிதர்கள் அதே இரவில் அலுப்பிலிருந்து வேதனைக்கு நகர்ந்திருக்கிறார்கள். கைதட்டல் அளவையோ வெளிநடப்பு எண்ணிக்கையையோ வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கூடவே தன்னைப் பற்றியும் ஒன்று சொல்கிறார்: இரண்டாம் அங்கத்துக்குப் பிறகு தனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை, கூட்டமும் தெரியவில்லை, நாடகம் எப்படிப் போயிற்று என்பதும் தெரியவில்லை, திரை விழுந்த பிறகு நடுங்கிக்கொண்டு நின்றேன் என்கிறார். கூட்டத்தின் ஒவ்வொரு இருமலையும் எண்ணத் தெரிந்த பழைய கிளாக்காரர், கூட்டம் இருப்பதையே மறந்துபோன இரவு அது. கூட்டத்துக்கும் தான் சந்தாதாரர் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோயிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது ஸான் குவென்டின் சிறையை இழுத்து வருவார்கள். எஸ்லின் 1961ல் எழுதிய அபத்த நாடகம் பற்றிய புத்தகத்தின் முதல் பக்கங்களில் வரும் கதை என்பதால் அது எல்லோருக்கும் மனப்பாடம். 1957 நவம்பர் 19 அன்று, ஹெர்பர்ட் ப்ளா, ஜூல்ஸ் இர்விங் என்ற இரண்டு கல்லூரி ஆசிரியர்கள் 1952ல் தொடங்கிய குழு 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைச் சுமார் 1400 கைதிகள் முன்னால் போட்டது. அதில் பெண் பாத்திரம் இல்லை என்பதுதான் அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுக்க முக்கிய காரணம். 1913ல் ஸாரா பெர்ன்ஹார்ட் வந்துபோன பிறகு அங்கே நாடகமே நடந்ததில்லை. கைதிகள் ஆடாமல் அசையாமல் பார்த்தார்கள். முந்தைய வருஷம், 1956 ஜனவரியில், அதே நாடகத்தை மயாமியில் வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும் நாடகம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஆலன் ஷ்னைடர் இயக்கினார், பெர்ட் லார் போன்ற பிரபல ஹாஸ்ய நடிகர் நடித்தார். இடைவேளையில் பெருங்கூட்டம் வெளியேறிவிட்டது.

எஸ்லினின் கதையும் நம் கையில் ஒரு நற்சான்றிதழாக மாறிவிட்டது. 'கைதிக்குப் புரிந்தது, உனக்கு ஏன் புரியவில்லை' என்று பார்வையாளனை அதட்டுவதற்கு அது பயன்படுகிறது. காத்திருப்பது கைதியின் வாழ்க்கை, அதனால் புரிந்தது என்கிறார்கள். அப்படியானால் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் அனைவருக்கும் பெக்கெட் புரிந்தாக வேண்டும். எனக்கு இதில் கவனத்துக்குரியதாகப் படுவது வேறு. மயாமிக்காரர்களுக்கு என்ன பார்க்கப் போகிறோம் என்று சொல்லித் தந்திருந்தார்கள். கைதிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. ப்ளா மேடையேறி, ஜாஸ் இசையைக் கேட்பதுபோலக் கேளுங்கள், கிடைப்பது கிடைக்கட்டும் என்ற அளவில் சொல்லிவிட்டு இறங்கினார். அவர்கள் நாடகக் குழுவின் நண்பர்கள் அல்லர், அதற்கு எதிரிகளும் அல்லர். கைதட்டினால் யாருக்கும் கடன் தீரப்போவதில்லை.

அன்று கூடத்துக்கு வர அனுமதி கிடைக்காத கைதி ஒருவர் இருந்தார். ரிக் க்ளூச்சி, ஆயுள் தண்டனை பெற்றவர். தன் அறையில் ஒலிபெருக்கி வழியாக நாடகத்தைக் கேட்டார். பக்கத்து நாற்காலி இல்லாத பார்வையாளர் என்று அவரைச் சொல்லலாம். சில ஆண்டுகளில் சிறைக்குள்ளேயே நாடகப் பட்டறை தொடங்கினார்கள், அவர் அதில் முக்கியமானவர். வெளியே வந்த பின், 1977ல் பெர்லினில், 'க்ராப்பின் கடைசி ஒலிநாடா'வில் அவரைப் பெக்கெட்டே இயக்கினார். இப்படிப்பட்ட எதிர்வினை அன்று இரவே யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

நம் பக்கம் திரும்பினால், அமெச்சூர் என்ற சொல் இங்கே கௌரவமாகத்தான் நுழைந்தது. 1891ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாஸ ஸபாவைத் தொடங்கியபோது, படித்தவர்கள், காசுக்கு நடிக்காதவர்கள் என்பதே அதன் பெருமை. அந்த வழி வந்த ஸபாக்கள் பிற்காலத்தில் துணுக்குத் தோரணங்களுக்கு இடமான கதை பழையது. 1977ல் கூத்துப்பட்டறை, 1978ல் பரீக்ஷா, மதுரையில் நிஜ நாடக இயக்கம் என்று வந்தவை ஸபாப் பார்வையாளனை உதறிவிட்டுத் தொடங்கியவை. 1980ல் பாதல் ஸர்க்கார் சென்னைக்கு வந்து பட்டறை நடத்தினார். அவர் பெஞ்சுகளை மாற்றிப் போட்டதும், வெளிச்சத்தில் பார்வையாளர் ஒருவரையொருவர் பார்க்கும்படி வைத்ததும், கிளாக் தலைவனுக்குத் தெரிந்த அதே உண்மையை நேர்மையாகப் பயன்படுத்திய காரியம். இருட்டில் பக்கத்து ஆளின் சிரிப்பு மட்டும் தொற்றும். வெளிச்சத்தில் அவன் முகம் தெரியும், நாமும் அவனுக்குத் தெரிவோம்.

இந்தக் குழுக்களின் நாடகங்களுக்கு வந்தவர்கள் யார்? கவிதை எழுதுகிறவர்கள், சிறுபத்திரிகை நடத்துகிறவர்கள், அடுத்த நாடகத்தில் நடிக்கப்போகிறவர்கள், போன நாடகத்தில் நடித்தவர்கள். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களும் இவர்கள்தான். 50 பேர் வந்தால் 40 பேரின் பெயரைச் சொல்லிவிடலாம். நாடகம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து கலந்துரையாடல். 'படிமம் நன்றாக வந்திருக்கிறது' என்பார் ஒருவர். 'உடல்மொழியில் இன்னும் கவனம் வேண்டும்' என்பார் இன்னொருவர். அலுத்துப்போனது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அடுத்த மாதம் தன் கவிதையை அவர் அப்படிச் சொல்வார். கூலி வாங்காமல் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் கிளாக்கைப் பாரிஸ் கண்டதில்லை.

கலந்துரையாடலை நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் யாரைப் பேசச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. வாடகைக்கு எடுக்கும் எந்தக் கூடத்திலும் ஒரு காவலாளியோ விளக்குக்காரரோ இருப்பார். சாவிக்கொத்தோடு கதவில் சாய்ந்து நின்று ஒரு கட்டம்வரை பார்ப்பார், பிறகு வெளியே போய் பீடி பற்றவைப்பார், சில நேரம் திரும்பி வருவார். அவர் எந்தக் கட்டத்தில் போனார், எந்தக் கட்டத்தில் திரும்பி வந்தார் என்பதை ஒத்திகை நோட்டில் யாரும் குறித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவரை மக்கள் பிரதிநிதி ஆக்கிவிடவும் வேண்டாம். அது அடுத்த நற்சான்றிதழ். ஆனால் நம் 50 பேரில் முந்தின நாள் டீக்கடையிலேயே நாடகத்தின் கருத்தைத் தெரிந்துகொண்டு வராதவர் அவர் ஒருவராக இருக்கக்கூடும். பத்து மணிக்குக் கூடத்தைப் பூட்டவேண்டியவரும் அவர்தான், ஆகவே நாம் பேசி முடிக்கும்வரை எப்படியும் அங்கே இருப்பார்.