தண்ணீர் பார்த்துப் பிடித்த இடம்

மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில், கபினி ஓடும் வட்டாரத்தில், யுனைடெட் புரூவரீஸின் பீர் ஆலை இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். இமாச்சலத்தின் கசௌலியில் எட்வர்ட் டயர் என்பவர் தொடங்கிய பீர் ஆலைகூட நல்ல ஊற்றைத் தேடித்தான் சோலனுக்கு இறங்கியது.

தண்ணீருக்கு அடுத்தது தானியம். அதைப் பீருக்கான மால்ட்டாக மாற்றும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாற்கோதுமையை ஊறவைத்து, ஈரம் காயாமல் பார்த்து, முளை தலைகாட்டியதும் உலர்த்துகிறார்கள். முளைக்கும் தானியத்தில் ஊறும் நொதிகள் பிறகு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்டுக்கு அதுதான் சாப்பாடு. மைசூர் வீடுகளில் ராகியைத் துணியில் முடிந்து முளைகட்டி, மால்ட்டுக்கு அரைப்பதும் இதே கைப்பக்குவம்தான். முடிச்சை அவிழ்க்கும்போது எழும் அந்த ஈரப் பச்சை வாசம் எத்தனை அழகு!