கைப்பிடி மணல்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் பிள்ளைகளையும் உடனழைத்தே செல்கின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்தோடும் மதில்களைக் காட்டி, 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு பொருது மடிந்த தேசிங்கு ராஜனின் கதையைப் பெரியவர்கள் எடுத்துரைப்பர். 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்ன வரிசையில் இக்கோட்டை இடம்பெற்ற பின்னர், சொல்வதற்குப் புதிய செய்தியொன்றும் சேர்ந்திருக்கிறது.

அன்மையில் நாம் அங்குச் சென்றிருந்தபோது, சாதத்துல்லாகான் பள்ளிவாசலின் அருகே ஒரு தந்தையார் தம் மகனுக்கு ஆண்டுகளை ஒப்புவிக்கக் கற்பித்துக்கொண்டிருந்தார். சிறுவனோ ஒரு காய்ந்த கொம்பைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு அதைக் குதிரையாக்கியிருந்தான். "அதை எறிந்துவிட்டு இங்கே கவனி" என்று அதட்டினார் தந்தை. கொம்பு கீழே விழுந்தது. அவர் சொல்லித்தர முயன்ற வரலாற்றுக்குள்தான் அச்சிறுவன் குதிரையேறிச் சென்றுகொண்டிருந்தான் என்பதை அவர் உணரவில்லை. அவரை மட்டும் நாம் குறை கூறுவதற்கில்லை. நம் இல்லங்கள் பலவற்றிலும் நாள்தோறும் நிகழ்வது இதுவேயாகும்.

நம் பழம்பாடல் ஒன்று இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகிறது. புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் ஊன்றுகோலைக் கொண்டே அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகிறோம். இருமலுக்கிடையே சில சொற்களே பேச முடிந்த முதியவர் ஒருவர் அதில் தம் இளமையை எண்ணி இரங்குகிறார். அவர் எண்ணிப் பார்ப்பவை எவை? மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, வஞ்சனையறியாத தோழரோடு கைகோத்துத் திரிந்தது, நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருத மரத்தின் கிளையேறிக் கரையிலுள்ளோர் வியக்க ஆழ்ந்த மடுவில் குதித்தது, அடியிலிருந்து மணலை அள்ளி வந்தது. இவ்வளவே.

அந்த மணலால் யாருக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. அதற்குப் பரிசில்லை, ஆழத்தை அளந்து குறித்த ஆசானும் இல்லை. அடிவரை சென்று மீண்டேன் என்பதற்கு அக்கைப்பிடி மணல் ஒன்றே சான்று. அவ்விளமைக்குப் புலவர் தரும் அடைமொழியோ கல்வியறியாதது என்பதாகும். உலகியல் அறியாத பருவம் என்று மட்டும் இதற்குப் பொருள் கொண்டு நிறுத்திவிடலாம். ஆயின், எவரும் கற்பியாமல் தானே மலர்ந்த பருவம் என்றும் கொள்ள இடமுண்டு என்பது நம் கருத்து. கற்றுத் தேர்ந்த புலவரொருவர், கல்லாத அந்நாளையே தம் வாழ்வின் செல்வமாக எண்ணுகிறார் என்பதில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழும் இவ்வுண்மையை மறக்கவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்று விளையாட்டுக்கே உரியவை. செய்யிது அனபிய்யா புலவரின் நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழும் இம்மரபின் வழியே எழுந்தது. பாரதியார் தம் பாப்பாப் பாட்டில் மாலைப்பொழுது முழுவதையும் விளையாட்டுக்கே ஒதுக்கினார். எந்த விளையாட்டு என்று அவர் விதிக்கவில்லை. இன்று சிறுவர்க்கென எழுதப்படுவனவற்றுள் பலவற்றை இவற்றோடு ஒப்பிட்டால் குறை விளங்கும். எறும்பு வந்தால் சுறுசுறுப்புக்கும், காகம் வந்தால் ஒற்றுமைக்கும் அங்கே பாடம் காத்திருக்கிறது. வெறுமனே ஓடும் குழந்தைக்கு அவ்வேடுகளில் இடமில்லை.

விளையாட்டுப் பயிற்சிக்குத்தான் அனுப்புகிறோமே என்று சிலர் கூறுவர். பயிற்சி நன்றே, ஆயினும் அங்கே விதி பெரியவருடையது, ஊதுகுழலும் அவருடையதே. தானே ஆடும் ஆட்டத்தில் பிள்ளைகளே விதியை வகுக்கின்றனர், பூசலிட்டு அதைத் திருத்துகின்றனர், சிறியவனுக்கு விட்டுக்கொடுக்கின்றனர். விட்டுக்கொடாவிட்டால் ஆட்டம் கலைந்துவிடும் என்பதை எவரும் சொல்லாமலே அறிகின்றனர். 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாகவே வைத்தது.

நமக்கு இது புதிய செய்தியும் அன்று. பாடம் முடிந்து திரும்பும் சிறுவனைக் களைப்பாற நல்ல விளையாட்டில் ஈடுபடவிட வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் வற்புறுத்துகிறார்கள். ஓயாத படிப்பால் அவனை வருத்தினால் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, தப்பிக்கச் சூழ்ச்சி தேடுவான் என்பதும் அவர்கள் தரும் எச்சரிக்கை. கல்வியின் பகைவரா இதைச் சொன்னவர்? அறிவுக்கென வாழ்ந்த பேரறிஞரன்றோ!

பள்ளிக்கூடம், ஓதல், தனிப்பயிற்சி என நம் பிள்ளைகளின் நாள் நிரம்பிவிட்டது. இவற்றுள் எதையும் கைவிடுமாறு நாம் கூறவில்லை. புலவர் பாய்ந்த மடுவில் பிள்ளைகளைப் பாயவிடுமாறும் கூறவில்லை. செஞ்சியின் பாறையும் சுனையும் விழிப்பைக் கோருவன. பழம்பாட்டிலும் கரையில் ஆட்கள் இருந்தனர். நாமும் கரையில் இருப்போம். ஆட்டம் மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம் இதற்குப் போதும்.

அம்முதியவர் இழந்ததை எண்ணி இரங்கினார். நம் பிள்ளைகள் முதுமையுற்றுக் கோலூன்றும் நாளில், எண்ணி இரங்குவதற்கேனும் ஒரு கைப்பிடி மணல் அவர்களுக்கு வேண்டாமா?