திரையில் செதுக்கும் முதல் முகம்

கேரளத்தின் பீருமேடு தாலுகாவிலுள்ள வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் வளரும் பெண்ணுக்குச் சிலை செய்யும் ஆசை வந்தால், சில ஆண்டுகளுக்கு முன்புவரை பக்கத்தில் அதற்கு ஒரு வழியும் இல்லை. 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சுவாமிமலை விக்கிரகப் பட்டறைகள் முந்நூறுக்கு மேல். வீட்டிலேயே மண் பிசைந்து பழகலாம் என்றால், லயத்தில் இருப்பது ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும். பீருமேட்டு மழையில் துணியே காயாது, களிமண் எங்கே காயப்போகிறது? இன்று அதே பெண் யாரிடமாவது ஒரு பழைய மடிக்கணினி வாங்கி, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டால் அன்றைக்கே செதுக்கத் தொடங்கிவிடலாம். இதைச் சின்ன மாற்றம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. ஆனால் இப்படித் தொடங்குகிறவர்களில் பலர் ஒரு தலையைக்கூட முழுதாகச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய திறமைக் குறைவு அல்ல, இந்தக் கலை அவர்களுக்கு அறிமுகமாகும் முறைதான் என்பது என் கட்சி.

கணினியில் செதுக்குவது அப்படியொன்றும் பழைய கலை இல்லை. ஒரு காலத்தில் திரையில் ஓர் உருவம் வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடிழுத்துக் கட்ட வேண்டும். அது பொறியாளர் வேலை. 1999இல் அமெரிக்காவில் நடந்த சிக்ராஃப் மாநாட்டில் பிக்சாலஜிக் நிறுவனம் ஸீபிரஷ் என்ற மென்பொருளைக் காட்டியது. மண்ணை அழுத்துவது, இழுப்பது, வழிப்பது போன்ற செயல்கள் அதன் பிறகுதான் திரையில் பரவலாயின. 2005இல் வந்த 'கிங் காங்' படத்துக்காக நியூசிலாந்தின் வேட்டா நிறுவனக் கலைஞர்கள் மட்பாக்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். இவையெல்லாம் பணம் கட்டி வாங்க வேண்டியவை. ஸீபிரஷ் இப்போது மேக்ஸான் நிறுவனத்தின் கையில் சந்தா முறைக்குப் போய்விட்டது. தோட்டக் கூலியில் நடக்கும் குடும்பத்துக்கு அது எட்டாது.

பிளெண்டரின் கதை வேறு. அதை உருவாக்கிய டான் ரூசண்டால், 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதைக் கட்டற்ற மென்பொருளாக்கினார். 2007இல் அதில் செதுக்கும் வசதி வந்தது; 2019க்குப் பிறகு அது தொழில்முறைக் கலைஞர்களும் மதிக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆண்ட்ராய்டு போனும் டேப்லெட்டும் வைத்திருப்பவர்களுக்கு நோமட் ஸ்கல்ப்ட் என்ற செயலி இருக்கிறது. அதைச் செய்த ஸ்டீஃபான் ஜினியே முன்பு எழுதிய ஸ்கல்ப்ட்ஜிஎல், உலாவியிலேயே ஓடும். பழைய கணினியில் பிளெண்டரின் புதிய பதிப்பு திறக்க மறுத்தால் இதை முயலலாம். கேரளத்தில் இன்னொரு வசதியும் உண்டு. இங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்களுக்கு அனிமேஷன் கற்றுக்கொடுக்கிறார்கள். பிளெண்டரும் அதில் வருகிறது. தமிழ்வழி வகுப்புகள் உள்ள ஒரு மலைப்பகுதிக்கு இது பெரிய வாய்ப்பு.

இன்னொரு நன்மையை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நம் சிற்ப மரபு உயர்ந்தது, ஆனால் அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. தொழில் குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் கைமாறியது. பெண்கள் உளி பிடித்தது அரிது. கொழுந்து பறிக்க மலையேற்றப்பட்டவர்களின் பேத்தியை எந்தப் பட்டறையும் கூப்பிட்டு உட்காரவைத்திருக்காது. மென்பொருள் யாருடைய குலத்தையும் கேட்பதில்லை. குருகுல முறை போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இனி குறைகளுக்கு வருகிறேன். அந்தப் பெண் தன் பாட்டியின் முகத்தைச் செய்ய உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி கம்பம் பக்கத்திலிருந்து வந்தவர், தண்டட்டி போட்டு வளர்த்த காது. கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து எடை போடும் இடத்துக்கு நடந்தே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. திரையில் ஒரு உருண்டை. பேத்தி கிராப் பிரஷ் என்ற இழுக்கும் கருவியை எடுத்துத் தாடையை இழுக்கிறாள். வலப் பக்கம் இழுத்தால் இடப் பக்கமும் தானாக வருகிறது, ஏனென்றால் பிளெண்டரில் செதுக்கத் தொடங்கும்போதே சிமெட்ரி பெரும்பாலும் போட்டுத்தான் இருக்கும். பாதி உழைப்பில் முழு முகம்! மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முகத்தில் பாட்டி இல்லை. பாட்டியின் இரண்டு காது மடல்களும் ஒரே நீளத்தில் தொங்கவில்லை, சிரித்தால் ஒரு கன்னம்தான் முதலில் ஏறும். சிமெட்ரி நல்ல கருவி, பொதுவான எடுப்பு கைவரும்வரை அது வேண்டும். அதை எப்போது அணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள்தான் குறைவு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அடுத்த அரைமணி நேரத்தில் அவள் கண்ணிமைக்கும் தோல் சுருக்கத்துக்கும் போய்விடுவாள். இணையத்தில் பார்த்த உருவங்களில் மயிர்க்காலெல்லாம் தெரிகிறதே! அதற்காக மெஷ்ஷை, அதாவது உருவத்தின் பரப்பாக இருக்கும் சிறு முகங்களின் வலையை, பிரித்துக்கொண்டே போவாள். ஆறு முகம் கொண்ட ஒரு கனசதுரத்தை ஒருமுறை பிரித்தால் 24 முகம், ஐந்தாம் முறை 6,144, எட்டாம் முறை 3,93,216. அதற்கு மேல் போனால் பழைய கணினி மூச்சு வாங்கும். கணினி திணறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இத்தனை லட்சம் முகங்கள் வந்த பிறகு நெற்றி அகலத்தை மாற்ற நினைத்தால், பிரஷ் பட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாக வீங்கும். அப்போது புதிதாகப் பழகுகிறவருக்குத் தன் கைதான் சரியில்லை என்று தோன்றிவிடுகிறது. கை சரியாகத்தான் இருக்கிறது, வரிசைதான் தவறு. ஒரு தலையின் ஆளை அடையாளம் காட்டும் எல்லாமே ஆறாயிரம் முகத்துக்குள் அடங்கிவிடும். மண்டையின் சாய்வு, கண்குழியின் ஆழம், மூக்குக்கும் மோவாய்க்கும் உள்ள தூரம் ஆகியவை அங்கே சரியாக இல்லையென்றால், மேலே எத்தனை சுருக்கம் போட்டாலும் அது யாருடைய முகமும் ஆகாது.

சுவாமிமலையில் இந்த வரிசை மாறவே மாறாது. ஸ்தபதி மெழுகைத் தொடுவதற்கு முன் தென்னங்கீற்றில் ஒரு நாடா கிழித்து, விக்கிரகத்தின் உயரத்துக்கு வெட்டி, கணக்குப்படி மடித்துக்கொள்வார். அதற்கு ஒடியோலை என்று பெயர். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், அதாவது உயரம் 124 பங்கு. தேவிக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. முகம் எங்கே முடிய வேண்டும், கொப்பூழ் எங்கே, முழங்கால் எங்கே என்பதெல்லாம் அந்த மடிப்பிலேயே இருக்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் காய்ச்சிச் சேர்த்த பொருளில் உருவம் பிடிப்பது அதற்கு அப்புறம்தான். நகையும் மடிப்பும் கடைசி. நான் இதைச் சொல்வது மரபுப் பெருமைக்காக அல்ல. அளவில் தொடங்கிப் பருமனுக்கும், பருமனிலிருந்து நுணுக்கத்துக்கும் போகிற இந்த ஒழுங்கு கருவியோடு ஒட்டியதல்ல. மெழுகில் செல்லுவது மெஷ்ஷிலும் செல்லும். இணையப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன, அதைவிட மோசம், அவை பொத்தான்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகின்றன. எஃப் அழுத்தினால் பிரஷின் அளவை மாற்றலாம், கண்ட்ரோல் ஆர் அழுத்தினால் ரீமெஷ் ஆகும் என்பதை ஒரு மாலையில் கற்றுவிடலாம். பார்க்கக் கற்பதற்கு மாதங்கள் ஆகும் என்பதை அந்தப் பாடங்கள் சொல்வதே இல்லை.

செய்ததை ரத்து செய்யும் அண்டு வசதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிழைக்கு அஞ்சாமல் முயலலாம் என்பது தொடக்கக்காரருக்குக் கிடைத்த பெரிய விடுதலை. கல்லில் மூக்கு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். மெழுகிலும் திருத்தலாம், ஆனால் அங்கே திருத்துவதற்கு எது தவறு என்று பார்த்து, சூட்டுக்கோலால் இளக்கி, புதிதாக ஒரு முடிவு எடுக்க வேண்டும். அண்டு பொத்தான் நம்மைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். எது தவறாக இருந்தது என்று தெரியாமலேயே அதே கோட்டை இருபது முறை இழுத்துப் பார்க்கிறோம்.

பாரமும் திரையில் இல்லை. அங்கே எந்தச் சிலையும் சாயாது, மெல்லிய விரல் ஒடியாது. அதை முப்பரிமாண அச்சில் எடுக்கும் நாளில்தான் உண்மை தெரியும். பாரத்தின் உணர்வுக்காகவே கொஞ்சம் மண்ணும் கையில் இருப்பது நல்லது. 182 மீட்டர் உயரமுள்ள வல்லபபாய் படேல் சிலைக்கும் சிற்பி ராம் சுதார் முதலில் கையால்தான் சிறிய உருவம் செய்தார். அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கிய வேலைதான் கணினியுடையது. கையும் கணினியும் அங்கே ஒன்றையொன்று விரட்டவில்லை.

பிழைப்புக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்வி. 2000க்குப் பிறகு பீருமேடு தாலுகாவில் தோட்டங்கள் பல மூடிக் கிடந்ததை அனுபவித்தவர்கள் அவர்கள். திருச்சூரிலும் கோவையிலும் நகைப் பட்டறைகள் கணினியில் வடிவமைத்து மெழுகில் அச்செடுத்து வார்க்கின்றன. சென்னையிலும் கொச்சியிலும் சினிமா, விளையாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆறு மாதத்தில் வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களை மட்டும் நம்பிக் கடன் வாங்க வேண்டாம். அவர்கள் கற்றுக்கொடுக்கும் பொத்தான்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை, தனியாகத் தொடங்கினால் வழி தவறுவதற்கும் இதைவிட எளிதான காலம் இல்லை. பிளெண்டரோ நோமடோ எதுவானாலும் சரி, முதல் இரண்டு மாதம் தலைகளை மட்டும் செய்யுங்கள். குறைந்த முகங்களில் நின்று, பக்கவாட்டிலும் மேலிருந்தும் திருப்பிப் புறக்கோட்டைப் பாருங்கள். மாதிரிப் படத்தைச் சற்றுத் தள்ளி நின்று ஸூம் செய்து எடுங்கள். போனைக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு பெருத்துத் தெரியும், அதையே நீங்களும் செதுக்குவீர்கள். ஆள் யாரென்று வீட்டில் உள்ளவர்கள் சொன்ன பிறகு சிமெட்ரியை அணையுங்கள்.

லிட்டில் கைட்ஸ் மன்றம் நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிளெண்டர் வகுப்பில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, கணினியைத் திறக்காமல், பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஓலையால் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஸ்தபதிகளும் கல்லூரிச் சிற்ப ஆசிரியர்களும் தாலக் கணக்கையும் முக அமைப்பையும் தமிழில் பேசிப் பதிவு செய்து பொதுவில் வைத்தால், இந்த மலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது மென்பொருளைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.