ஏம்ஸ் ஊரின் பழைய படங்கள்: ஒரு மதிப்பீடு

கல்லூரியை நம்பி வளர்ந்த ஊருக்குப் படப் பஞ்சம் வருவதில்லை. அயோவா மாநிலத்தின் ஏம்ஸும் அப்படித்தான். கல்லூரி தன் பெருமைக்காக எடுத்தவை, அரசு தன் தேவைக்காக எடுக்கச் சொன்னவை, ஊர்க்காரர்கள் பெட்டிகளில் காப்பாற்றியவை எல்லாம் இன்று ‘அன்றாட வாழ்க்கை’ என்ற ஒரே தலைப்பின்கீழ் பார்வைக்கு வருகின்றன. நோக்கம் வேறானவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாக வைப்பது முதல் முறைப்பிழை.

1942 மே மாதம் அமெரிக்க அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக ஒளிப்படக்காரர் ஜாக் டெலானோ ஏம்ஸில் உள்ள அயோவா மாநிலக் கல்லூரியைப் படமெடுத்தார். அவருடைய ஒளியாளுகையில் குறை காண்பது கடினம். ஆனால் எதை எடுக்கலாம் என்று அந்த நிர்வாகத்தின் படப்பிரிவுத் தலைவர் ராய் ஸ்டிரைக்கர் வாஷிங்டனிலிருந்து பட்டியல் அனுப்பிய காலம் அது. போர் தொடங்கியபின் அந்தப் பட்டியல் நம்பிக்கையூட்டும் அமெரிக்காவையே அதிகம் கேட்டது. ஆகவே அவர் காட்டும் மாணவர்கள் பெரும்பாலும் பெயரற்ற வகைமாதிரிகள். நேர்த்தி முழுமை, ஊர் அரைகுறை.

ஏம்ஸ் பொது நூலகத்துக்கு உள்ளூர் வரலாற்றாளர் ஃபார்வெல் பிரவுன் சேர்த்துத் தந்த தொகுப்பு கலைத்தரத்தில் டெலானோவின் படங்களுக்கு எட்டாது. சான்று மதிப்பில் அவற்றை மிஞ்சும். டிங்கியை எடுத்துக்கொள்வோம். 1891 முதல் 1907 வரை கடைவீதிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஓடிய சிறு நீராவி ரயில். படமாக மட்டும் பார்த்தால் ஓர் எஞ்சின், பெட்டிகள், தொப்பி வைத்த பயணிகள். இடையில் சுமார் இரண்டு மைல், அதிலும் வெள்ளம் ஏறும் ஓடைத் தாழ்நிலம் என்று அறிந்தவர் சொன்ன பிறகே, தனித்தனியாகக் கிடந்த இரண்டு குடியிருப்புகள் எப்படி ஓர் ஊராயின என்பது விளங்குகிறது. பிரவுனின் சாதனை இந்த அறிவைப் படத்தோடு சேர்த்து வைத்தது. குறையும் அங்கேதான்: ஊர்ப்பாசம் மிகுந்த இடத்தில் கேள்வி மெலிகிறது.

கல்லூரி தானே எடுத்த படங்களிலோ அறிந்தவர் சொல்லும் இந்த உதவி இன்னும் அவசியம். மனையியல் மாணவி ஒருத்தி குழந்தையைக் குளிப்பாட்டும் காட்சி குடும்பப் படம் போலவே இருக்கும். அது பயிற்சி வீடு. நிஜக் குழந்தையை வளர்ப்பது அங்கே அன்று பாடமாக இருந்தது! குறிப்பை மறைத்தால் படம் பொய் சொல்லிவிடும்.

இப்படங்களுக்கு இதைவிடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. டிங்கி ஓடத் தொடங்கிய அதே 1891-இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் இக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் வந்த கறுப்பின மாணவர்களுக்கும் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஆர்ச்சி, நான்சி மார்ட்டின் தம்பதியர் லிங்கன் வேயில் இருந்த தங்கள் வீட்டில் அவர்களைத் தங்கவைத்தார்கள். விடுதிக் குழுப்படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த விலக்கல் தெரியாது. வரிசையில் யாரும் குறைவதாகத் தோன்றாது.

எனவே சான்று என்ற அளவில் பிரவுன் தொகுப்பு முதலிடம், டெலானோ அடுத்தது. கல்லூரியின் படங்கள் இப்போதைக்குக் கடைசி. விடுதிப் படத்தின் அடிக்குறிப்பில் மார்ட்டின் வீட்டைப் பற்றியும் எழுதினால், இந்த வரிசையை மறுபடி போடலாம்.