ஈரோட்டில் கோட்டை எங்கே?

ஈரோட்டுக் கோட்டையைப் பார்க்கப் போனால் கோட்டையே இல்லை. கோட்டை ஈஸ்வரன், கோட்டைப் பெருமாள் என்று கோயில் பேரில் மட்டும் மிச்சமிருக்கு. "நம்மாளுங்களுக்கு மரபோட அருமை தெரியாது, இடிச்சுட்டாங்க" என்று நானும் புலம்பியவன்தான். பழைய கெஸட்டியரைப் புரட்டியபோதுதான் உறைத்தது: 1877 பஞ்சத்தில், நிவாரண வேலையாகத்தான் அதைத் தரைமட்டமாக்கியிருக்கிறார்கள்.

அதை அரசின் கருணை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த வருஷத் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் கூலியைக் குறைத்தார்கள். ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, மேலே கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை.

பக்கத்துச் சங்ககிரியில் மதில் நிற்கிறது, ஏறிப் படம் எடுத்துப் பதிவு போடுகிறோம். ஈரோட்டுக்கு ஒரு வரி, "இப்போது இல்லை". அது பாதிக் கணக்குங்க. கட்டியவன் பேரைத் தேடுகிற நாம், பசியோடு இடித்துச் சுமந்தவர்களையும் அந்த வரலாற்றில் சேர்க்க வேண்டாமா?