இரண்டாவது படம் எங்கே?

புக்கிட் தெங்கா வீடுகளுக்கு வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "அந்த சைக்கிள் பிள்ளைங்க படம் எங்க இருக்கு? கூட்டிட்டுப் போங்க." கொமுட்டர் ரயில் பிடித்துப் பட்டர்வொர்த், அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் பெர்ரி, பிறகு வெயிலில் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் வரை ஒரு நடை. அங்கே வரிசை நிற்கும். ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். வரைந்தவர் யார் என்று கேட்பவர் அபூர்வம்.

ஓர் ஓவியரைக் கண்டெடுத்து நாலு பேருக்குக் காட்டுவது இப்போது எல்லோர் கைபேசியிலும் நடக்கிற காரியம். அதை எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கல் ஒன்றே. பார்த்தவர் அதே ஓவியரின் இரண்டாவது படைப்பைத் தேடிப் போனாரா? போனால் அது அறிமுகம். போகாவிட்டால் படம் மட்டும்தான் ஊர் சுற்றுகிறது.

சைக்கிள் படத்தை 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தவர் எர்னஸ்ட் சகாரெவிச். லிதுவேனியாக்காரர். சுவரில் சாத்திய சைக்கிள் நிஜம், பிள்ளைகள் சாயம். அக்கா ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறாள். பின்னால் தம்பி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். சுண்ணாம்பு பெயர்ந்த பழைய சுவரை மறைக்காமல், அந்தக் கறையையும் விரிசலையும் ஓவியத்தின் பகுதியாகவே அவர் விட்டுவைத்தார். நல்ல ஓவியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் வெற்றிக்கும் ஓவியரின் பெயர் மறைந்துபோனதற்கும் காரணம் ஒன்றுதான். நிஜ சைக்கிள் பார்வையாளரை உள்ளே இழுக்கிறது. அவர் பக்கத்தில் நின்று பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்ததும் படம் பூர்த்தியாகிவிடுகிறது. அதன்பின் அது 'என் போட்டோ'. அதில் சகாரெவிச்சுக்கு என்ன வேலை?

இதே ஆள் 2013இல் ஜொகூர் பாருவில் ஒரு கட்டட மூலையில் வேறொன்று வரைந்தார். ஒரு பக்கம் விலையுயர்ந்த கைப்பையோடு நடந்துவரும் பெண். மூலைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு காத்திருக்கும் லெகோ பொம்மைத் திருடன். ஏறி உட்கார அங்கே ஒன்றுமில்லை. ஊரின் வழிப்பறிப் பயத்தைச் சுவரிலேயே எழுதிவிட்டார். அந்த நவம்பரிலேயே நகராட்சி வெள்ளையடித்து அழித்தது. அழித்த பிறகு அது நாடெங்கும் இன்னும் கூடுதலாகச் சுற்றியது. வரைந்தவர் யார் என்ற கேள்வியும் அப்போது கூடவே சுற்றியது. நகராட்சி தெரியாமல் செய்த உபகாரம் என்றுதான் சொல்லவேண்டும்.

பினாங்கில் நடந்ததோ நேர்மாறு. நிஜப் பொருளும் வரைந்த பிள்ளையும் என்ற உத்தியை அடுத்தடுத்த சந்துகள் எடுத்துக்கொண்டன. ஊஞ்சலில் ஆடும் அண்ணன் தங்கையை வரைந்தவர் லூயிஸ் கான். அதையும் சகாரெவிச் கணக்கில் எழுதுகிறவர்கள் நிறைய. இரண்டாவது படம் கண்முன் இருந்தும் தவறான பெயரில் வரவு வைக்கப்படுகிறது. வழிகாட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் சந்தைச் சொல்லும், படத்தைச் சொல்லும். ஆளைச் சொல்ல இடம் போதாது போலும்.

2009இல் நடந்த ஒரு போட்டியிலிருந்து ஜார்ஜ்டவுன் தெருக்களுக்கு வந்த 52 இரும்புக் கம்பிச் சித்திரங்களின் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. தெருவின் கதையை வாசகத்தோடு சொல்வதில் அவை கெட்டி. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகியது இங்கேதான் என்று முந்த்ரி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சித்திரம் சொல்கிறது. உலகம் அறிந்த பெயரை அது தொடங்கிய தெருவிலேயே கொண்டுவந்து நிறுத்துவது உருப்படியான வேலை. ஆனால் கம்பிக்குக் கேலிச்சித்திரம் போட்டுக் கொடுத்த டாங் முன் கியன், ரெஜி லீ, பாபா சுவா முதலியோரை எத்தனை பேருக்குத் தெரியும்? வடிவமைப்பாளரை அறிமுகப்படுத்திய கலைஞர்களே அறிமுகமாகவில்லை.

என் படிக்கல்லில் தேறுவது ஹின் பஸ் டிப்போ. கூரை போன பழைய பேருந்துப் பணிமனை. 2014 ஜனவரியில் சகாரெவிச்சின் தனிக் கண்காட்சியோடு திறந்தார்கள். சைக்கிளை மட்டும் பார்த்தவர் அங்கே அவருடைய பல வேலைகளைச் சேர்த்துப் பார்க்க முடிந்தது. எது திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே சறுக்குகிறார் என்று மதிப்பிட முடிந்தது. தெருச்சுவரில் ஒற்றைப் படத்தை வைத்து அதைச் செய்ய முடியாது.

நகராட்சியையும் சுற்றுலாக்காரர்களையும் மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை நோக்கிப் போகும் காவடிகளை எத்தனை கைபேசிகள் பிடிக்கின்றன! மயிலிறகை அடுக்கி, எடை ஒரு பக்கம் சாயாமல் அலகுக் காவடி கட்டியவர் பெயர் எந்தப் பதிவிலாவது இருக்கிறதா? கும்பாபிஷேக மலரைப் புரட்டினால் முதல் பக்கங்கள் முழுக்க மக்கள் பிரதிநிதிகளான ஒய்.பி.க்களின் வாழ்த்துரை, அப்புறம் நன்கொடையாளர் பட்டியல். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைச் செய்த ஸ்தபதி எங்கோ ஒரு மூலையில் ஒரு வரி. சில மலர்களில் அதுவும் கிடையாது.

பெயர் போடாதது நம் மரபுதானே என்பார்கள். அந்த வாதத்தில் பாதி உண்மை. அந்தக் காலத்தில் கல்லில் பெயர் இல்லாவிட்டாலும் எந்தக் குடும்பத்து வேலை என்று ஊருக்குத் தெரியும். அடுத்த திருப்பணிக்கு அந்த வீட்டுக்கே ஆள் போகும். இன்று படம் கண்டம் தாண்டிப் போகிறது, வேலை தேடி வருவதற்கு வழி இல்லை. மரபின் அடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த அடக்கத்தைத் தாங்கி நின்ற ஏற்பாட்டை விட்டுவிட்டோம்.

பெயர் தெரிந்தும் நாம் தேடிப் போகாத ஓவியரும் உண்டு. 1941இல் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர் நிர்மலா தத் சண்முகலிங்கம். நகரம் வளர்ந்த வேகத்தில் மண்ணும் நீரும் கெட்டதை, 1973 முதல் 'ஸ்டேட்மென்ட்' என்ற வரிசையில் புகைப்படங்களை வைத்துக் கலையாக்கியவர். 1986இல் ரீகனையும் தாட்சரையும் வயாங் கூலிட் நிழற்பாவைகளாக வரைந்து நிறுத்தினார். 2016இல் மறைந்தார். நம்மூர்க்காரர், நம் காதுக்குப் பழகிய பெயர். போட்டோ எடுக்க அவர் படத்தில் சைக்கிள் இல்லை. பக்கத்தில் நின்று சிரிக்கவும் தோன்றாது. பினாங்குத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் அவர் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆர்மேனியன் ஸ்ட்ரீட் ஓவியம் தேறியது; அதைப் பகிர்ந்த விதம் தேறவில்லை. அது தெருவுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது, கடைகளுக்கு வியாபாரம் கொடுத்தது. ஓவியருக்கு ரசிகரைக் கொடுத்தது மிகக் குறைவு. பத்து லட்சம் செல்பிகளைவிட ஹின் டிப்போவின் ஒரு கண்காட்சிக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். பட்டர்வொர்த்திலும் இப்போது சுவரோவியச் சந்து வந்துவிட்டது. இக்கரையிலும் அதே வரிசை, அதே போஸ். ஒவ்வொரு சுவர் ஓரத்திலும் வரைந்தவரின் பெயரும், அவருடைய இன்னொரு படம் எங்கே இருக்கிறது என்ற விலாசமும் எழுதிவைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும்.