பெரும்பாணாற்றுப்படையும் நெசவாளர் முகமும்

வழியிற் கண்ட அயலான் ஒருவனை நிறுத்தி, அவன் தோற்றத்தை உற்று நோக்கி, நோக்கியதைச் சொல்லாக வடித்து, அதன் வழியே அவனோடு உறவுகொள்வது ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் அமைப்பாகும். வழியிடை நேரும் காட்சியே இதற்குக் களம் என்பது தொல்காப்பியப் புறத்திணையியலாலும் பெறப்படும். இந்நாளில் நிழற்படக் கலைஞர் சிலர், தெருவிலும் தொழிற்களத்திலும் முன்பின் அறியாதவரை அணுகி, அவர்தம் முகத்தைப் படமாகவும் வாழ்க்கையை அவர் வாய்மொழியாகவும் பதிவு செய்து வருகின்றனர். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியுடைய இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். பொருந்தும் என்பதே நம் கருத்து. ஒப்புமை கண்டு மகிழ்வதற்காக அன்று. ஒன்றன் குறையை மற்றொன்று காட்டிக்கொடுக்கின்றது என்பதற்காகவே இவ்வாறு கூறுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு ஏற்ற நூல் பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையன்மேற் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இப்பாட்டு 500 அடிகளால் இயன்றது. பாணனைக் காஞ்சிமாநகருக்கு ஆற்றுப்படுத்துவது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்து வெளியிட்ட பின்னர், இதன் நிலவருணனையும் துறைமுகச் செய்தியும் அறிஞர் பலரால் எடுத்துப் பேசப்பட்டுள்ளன. ஈண்டு நாம் கருதுவன அவை அல்ல. பாணன் செல்லும் வழியில் எதிர்ப்படும் மாந்தரின் உருவங்களையே கருதுகின்றோம்.

முல்லை நிலத்து இடையனைப் புலவர் காட்டும் முறை நுணுகி நோக்கத்தக்கது. கண், மூக்கு, நிறம் என்று அவர் தொடங்கவில்லை. செருப்பு அழுத்தி வடுப்பட்ட அடியிலிருந்து தொடங்குகின்றார். பின்னர்த் தண்டூன்றிக் காய்த்த கை. உறி தொங்கும் காவடியைச் சுமந்து தழும்பேறிய தோள். பால் கறந்த கையைத் தடவிக்கொண்ட தலைமயிர். அவ்வளவே. முகம் சொல்லப்படாமலே அவன் நம் கண்முன் வந்து நிற்கின்றான். தொழில் அவனுடம்பின்மேல் எழுதிய எழுத்தைப் புலவர் படித்துக் காட்டினார் எனலாம். அவன் தீக்கடைகோலாற் சுட்டுத் துளையிட்ட குழலை ஊதுகின்றான். அது சலித்தவழிக் குமிழங்கொம்பில் மரல்நார் கட்டிய வில்யாழை இசைக்கின்றான். ஓய்வும் இன்பமும் அவனுக்கும் உண்டு என்பதனைப் புலவர் மறந்திலர். வறியவரைப் படமெடுப்போர் பலர் மறக்கும் செய்தி இது.

மோர் விற்கும் ஆய்மகளும் அத்தகையவளே. விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையிற் சுமந்து சென்று விற்று, மாற்றாகப் பெற்ற உணவால் சுற்றத்தை ஊட்டுகின்றாள். நெய்க்கு விலையாகப் பொன் தந்தாலும் கொள்ளாது, எருமையும் ஆவுமே பெறுகின்றாள். பொன்னை மறுக்கும் அந்த ஒரு செயலில் அவளுடைய அறிவும் செருக்கும் விளங்குகின்றன. ஒருவரது கதை என்பது அவரது துன்பத்தின் பட்டியல் அன்று. அவர் எதனை வேண்டாம் என்றார் என்பதும் கதையே.

இவற்றினும் முதன்மையானது இவர்கள் எந்த இடத்தில் வைத்துக் காட்டப்படுகின்றனர் என்பது. இம்மாந்தர் பாணனுக்கு வேடிக்கைப் பொருளாக நிற்பவர் அல்லர், விருந்தோம்புவோர். இடையர் குடியிருப்பை அடைந்தால் பாலொடு தினைச்சோறு பெறுவாய் என்று பாணனை நோக்கிக் கூறப்படுகின்றது. எயினரும் உழவரும் வலைஞரும் தத்தமக்கு இயன்ற உணவை அளிக்கின்றனர். காண்பவன் பசித்தவன், காணப்படுபவர் கொடுப்பவர். பாட்டு முழுவதும் முன்னிலையில் நடத்தலால், நாமும் அப்பாணனாக நின்றே அவர்களைக் காண்கின்றோம்.

இதனைப் படர்க்கை முகங்களோடு ஒப்பிடுக. ஆங்கில ஆட்சியில் வாட்சன், கே என்போர் தொகுத்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் நூலில், நிழற்படங்கள் இனத்திற்கும் குலத்திற்கும் மாதிரிகளாக அடுக்கப்பட்டன. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், கருவி கொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். ரங்காச்சாரியின் துணையுடன் அவர் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் படங்கள் உள. அந்நூல்களின் செய்திப் பயனை நாம் மறுக்கவில்லை. இன்றும் அவற்றைப் புரட்டாத ஆராய்ச்சியாளர் அரியர். ஆயினும் அம்முகங்கள் யாரையும் நோக்கிப் பேசவில்லை. 'இவர் இத்தகையர்' என்று வேறொருவர் பேசுகின்றார்.

இனி, பெரும்பாணாற்றுப்படையின் குறைக்கு வருவோம். இடையனுக்கும் ஆய்மகளுக்கும் பெயர் இல்லை. அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறாமை மரபு. அதற்குக் காரணம் உண்டு. இதுவோ புறப்பாட்டு. இங்குப் பெயர் சுட்டத் தடை இல்லை. சுட்டவும் பட்டது, ஆனால் கொடையாளியாகிய திரையனுக்கு. சோறிட்ட எளியோர் தொழிற்பெயராலும் நிலப்பெயராலுமே நிற்கின்றனர். செருமானியக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர் 1929-இல் வெளியிட்ட அறுபது முகப்படங்களிலும் மக்கள் பெரும்பாலும் தொழிலாலேயே குறிக்கப்பட்டனர். அப்படங்கள் மாண்புடையனவே, அந்நூலின் அச்சுத் தகடுகளை 1936-இல் நாசி அரசு அழித்தது என்பதே அவற்றின் வலிமைக்குச் சான்று. எனினும் பெயரின்மை பெயரின்மையே.

மற்றொரு குறை இதனினும் பெரிது. பாணன் காஞ்சியை அடைகின்றான். திருவெஃகாவில் அறிதுயில் கொண்ட திருமால் கூறப்படுகின்றார். நகரின் விழாச் சிறப்பும் அரசனது பெருமையும் கூறப்படுகின்றன. அரசன் பாணனுக்கும் அவன் சுற்றத்தார்க்கும் ஆவி போன்ற மெல்லிய நூலாலாகிய கலிங்கத்தை உடுத்துகின்றான். அக்கலிங்கத்தை நெய்தவர் யார்? பாட்டில் விடை இல்லை. பொருநராற்றுப்படையிலும் இதே நிலை. கரிகாலன் அளித்த ஆடையில் இழை போன வழியைக் கண்ணாற் காண இயலாது என்று வியக்கும் பொருநன், அவ்விழையை ஓட்டிய கையை எண்ணவில்லை. இடையன் தோள் தழும்பைக் கண்ட புலவர் மரபு, நெய்வோன் விரல் தழும்பைக் காணாது விட்டது. ஆடையின் நுண்மை மிகுந்தோறும் நெய்தவர் மறைகின்றார் போலும்.

இவ்விடைவெளியை இன்றைய முகப்படக் கலை நிரப்ப வல்லதா? தமிழ்நாட்டில் இத்துறையில் முதற்கண் எண்ணத்தக்கவர் மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார். மலக்குழி மரணங்களுக்கு ஆளான தூய்மைப் பணியாளர் குடும்பங்களையும், உழைக்கும் பிற மக்களையும் படமெடுத்து வருபவர். தயாநிதா சிங் - பாரி ஆவண நிழற்பட விருதை 2022-இல் முதன்முதலாகப் பெற்றவர். பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' என்னும் ஊரக இந்திய மக்கள் காப்பகம், மாவட்டந்தோறும் முகங்களைத் திரட்டும் பணியையும் மேற்கொண்டுள்ளது. மாவட்ட வரிசை என்றவுடன் பழைய எட்டுத் தொகுதிகளின் நினைவு எழுதல் இயல்பு, எழத்தான் வேண்டும். ஆனால் இங்கு முகத்தோடு பெயரும் தொழிலும் செல்கின்றன. நெடிய கட்டுரைகளில் அம்மக்களின் சொற்களே வருகின்றன.

பழனிக்குமாரிடத்து நாம் சிறப்பாகக் கருதுவது வேறொன்று. மீன் விற்று வளர்த்த தம் தாயையே அவர் படமெடுத்து, அவ்வாழ்வை எழுதி வெளியிட்டார். பொருநராற்றுப்படையில், தன்னை ஆற்றுப்படுத்தும் பொருநன் முன்பு தான் உடுத்திருந்த கந்தலையும், அதில் ஈரும் பேனும் குடியிருந்ததையும் வெட்கமின்றிக் கூறுகின்றான். தன் வறுமையைக் கூறிய பின்னரே அயலானது வறுமையைப் பற்றிப் பேச அவனுக்கு வாய் வருகின்றது. தன்மை இன்றி முன்னிலை இல்லை. அயலாரின் கண்ணீரை நான்கு வரியில் அடக்கி, தம்மைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது செல்லும் முகப்படக்காரர் பலர்க்கும் இவ்விலக்கணம் எட்டவில்லை.

காஞ்சியில் இச்சிக்கல் புதிய வடிவம் கொள்கின்றது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் குழித்தறியில் அமர்ந்திருப்பவரை வாயிலில் நின்று காண்பவர்க்கு முதலில் தெரிவது உச்சந்தலையே. கால்கள் குழியுள், கண்கள் பாவின்மேல். முகம் நிமிரவேண்டுமாயின் தறி நிற்கவேண்டும். கூலியோ நெய்து முடித்த சேலைக்கு. ஆகவே தறி நின்ற பொழுதுக்குக் கூலி இல்லை. இடையன் குழலூதும் ஓய்வில் அவனைக் கண்ட புலவர்க்கு இத்தொல்லை இல்லை. இங்கு முகம் காட்டுதலே ஒரு கொடை. படத்திற்குத் தனியே அமரச் சொன்னால், 'மாலை போடவா எடுக்கிறீர்கள்?' என்று நகைக்கும் முதியோரும் உண்டு. சுவரில் தனித்துத் தொங்கும் முகப்படம் இறந்தவர்க்கே உரியது என்பது நம் வீடுகளின் நெடுநாள் வழக்கம்.

வேறொரு நுட்பமும் உண்டு. காஞ்சிப் பட்டுக்குச் சிறப்புத் தருவது உடலும் கரையும் தனித்தனி நிறம் கொண்டு, ஊடையால் ஒன்றோடொன்று பின்னப்படும் கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பெரும்பாலும் நெய்பவர்க்கு அருகில் துணையாள் ஒருவர் அமர்ந்து கரையின் நாடாவை ஓட்டித் தருவார். மனைவியோ மகனோ அத்துணையாளாதல் உண்டு. முகப்படமோ ஒருவரையே நாடுகின்றது. 'நெசவாளர்' என்ற தலைப்பின்கீழ் ஒரு முதியவர் முகம் மட்டும் இருப்பின், பக்கத்தில் இருந்தவர் சட்டகத்திற்கு வெளியே தள்ளப்பட்டார் என்றே கொள்ளவேண்டும். 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்கு ஊர்ப்பெயர் உரிமையாயிற்று. துணையாளின் பெயர் சேலையிலும் இல்லை, படத்திலும் இல்லை.

பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சீவரம்' (2008) என்னும் திரைப்படத்தை இவ்விடத்து நினைத்தல் தகும். பிரகாஷ்ராஜ் நடித்த வேங்கடம் என்னும் நெசவாளன், மகள் மணத்திற்குப் பட்டு நெய்வதாகச் சொன்ன சொல்லைக் காக்க, பணியிடத்திலிருந்து சிறிது சிறிதாகப் பட்டிழையை வாயில் ஒளித்துக் கொணர்கின்றான். வாயிலில் சோதனை நடக்கின்றது; கையும் மடியும் பார்க்கப்படுகின்றன. முகத்தை எவரும் ஐயுறவில்லை. நாள்தோறும் அவன் அவ்வழியே வாய்மூடி நடந்து செல்கின்றான். அவ்வேளையில் முகப்படக்காரர் ஒருவர் எதிர்ப்பட்டு அவனை நிறுத்தியிருப்பின், அமைதி தவழும் முகம் ஒன்று அவர்க்குக் கிடைத்திருக்கும். 'உம் கதை யாது?' என்று அவர் வினவியிருப்பின், அவன் வாய் திறந்திரான்.